பொருள் எண் ஏழு

கப்பலூரில் எங்கள் சாய ஆலைக்கு
இயக்குநர்கள் ஆறு பேர்.
கண்ணாடி ஒன்றுதான்.

சேர்மன் கோவர்த்தன் அதைக் கழற்றி
மேசையில் கவிழ்த்து வைத்தால்
அந்தப் பொருள் முடிந்தது.
ஒருவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்வார்,
இன்னொருவர் பக்கோடாத் தட்டைத் தன் பக்கம் இழுப்பார்,
நான் எழுதுவேன்:
‘அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.’
பதினோரு வருடமாகக் குறிப்பெழுதுகிறேன்.
கண்ணாடியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

பவுன்தாயின் கோப்பு
எப்போதும் ஏழாவதாகத்தான் வரும்,
ஆறாவது பொருளுக்கும் தேநீருக்கும் நடுவில்.
சாயக் கழிவைக் காய்ச்சி
நீரைத் தொட்டிக்கும் உப்பைச் சாயத்துக்கும்
திருப்பி அனுப்பும் ஓர் ஏற்பாடு.
கொதிகலன் புகைபோக்கி வழியே
வீணாய்ப் போகும் சூடே அதற்குப் போதுமாம்.
பென்சிலில் அவளே வரைந்த படம்,
அழித்த இடங்களில் காகிதம் மெலிந்திருக்கும்.
முதல் வருடம் ஒன்பது பக்கம்.
நான்காம் வருடம் நாற்பத்திரண்டு.
பக்கம் ஏற ஏற
அவள் குரல் இறங்கியது.

ஐந்தாம் வருடம், ஐப்பசி.
மழைதான் காரணம் என்று எழுத ஆசை.
கண்மாய் மறுகால் பாய்ந்து சாலையில் சிவப்பாய் ஓட
காரை நிறுத்தி அவர் மனம் கசிந்தார் என்றால்
நன்றாகத்தான் இருக்கும்.
கண்மாய் சிவப்பாக ஓடியது உண்மை.
ஆர்டருக்குத் தக்க நிறத்தில்
பல ஐப்பசிகளாக ஓடுகிறது.
அவர் கார் வேறு வழியில் போகும்.

நடந்தது இதுதான்.
விருதுநகரில் அவர் சம்பந்தி
மில் கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டார்.
திறப்பு விழாவில் சம்பந்தி மேடையில்,
கழுத்து கொள்ளாத மாலையோடு.
இவர் இரண்டாம் வரிசையில்,
ஃபேன் காற்று எட்டாத நாற்காலியில்.

திங்கட்கிழமை
பொருள் எண் ஏழு முதலாவதாக ஏறியது.
கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.
பவுன்தாய் மூன்றாம் பக்கம் திருப்புமுன்
“செய்யுங்க” என்றார்.
நாலு கோடியே அறுபது லட்சம்.
நாலு நிமிடம்.
நாலு வருடமாய் ‘கட்டுப்படியாகாது’ என்றவர்கள்
“நானே சொல்லணும்னு இருந்தேன்” என்றார்கள்.
‘ஒருமனதாக’ என்று எழுதினேன்.
பொய்யில்லை.
அந்த அறையில் இருந்தது ஒரு மனம்தான்.

சாயங்காலம் பவுன்தாய் என் அறைக்கு வந்தாள்.
ஜெயித்தவள் முகமாக இல்லை.
“ஒரே ஒரு வரி சேர்க்கணும் சார்.
இதை நிறுத்துறதா இருந்தா
ஆறு பேரும் கையெழுத்துப் போடணும்னு.
எங்க ஊர்ல மடைச் சாவி ஒரு வீட்லதான் தொங்கும்.
கேக்காமலே தண்ணி திறந்துவிட்ட வருசமும் உண்டு,
அந்த வீட்டுக்காரருக்குக் கோவம் வந்த வருசமும் உண்டு.”

சேர்த்தேன்.
எழுத்துரு அளவைக்கூட மாற்றாமல்
கண்ணில் படாத இடமாகப் பார்த்துச் சேர்த்தேன்.
மறுநாள் வரைவு திரும்பி வந்தது.
மற்ற வரிகள் அப்படியே.
அந்த வரியின் மேல் மட்டும்
பச்சை மையில் ஒரு கோடு,
அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக.

இயந்திரம் ஓடுகிறது.
கண்மாயில் இறங்கும் கொக்கு
கால் நிறம் மாறாமல் எழுந்து பறக்கிறது.
முதல் உப்பை பவுன்தாய்
எவர்சில்வர் டிபன் மூடியில் ஏந்தி வந்தாள்.
சேர்மன் அதைப் படமெடுத்தார்,
விருதுநகருக்கு அனுப்ப.
நான் ஒரு கல் எடுத்து நாக்கில் வைக்கப் போனேன்.
“அது தின்கிற உப்பில்லை சார்” என்றாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம்.
பவுன்தாய் அறிக்கையைப் பார்ப்பதில்லை,
எண்கள் அவளுக்கு மனப்பாடம்.
அவர் கை மெல்ல எழுந்து
மூக்கை நோக்கிப் போகும்போது
வியர்வையைத் துடைக்கவா, வேறெதற்குமா என்று
அவள் பார்க்கிறாள்.
நானும் பார்க்கிறேன்,
பேனா காகிதத்தைத் தொடாமல்.